அம்மா காத்திருந்த விமானம்

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு எவர்சில்வர் ஸ்டாண்டு அறைந்திருக்கும். தட்டுகளைச் செங்குத்தாகச் செருகி, டம்ளர்களைக் கம்பியில் கவிழ்த்து வைப்பாள் அம்மா. எனக்குப் பத்து வயதானபோது அந்த ஸ்டாண்டு தானாகப் பேச ஆரம்பித்தது. முதலில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். அடுத்து தட்டுகள். சத்தம் அதற்கப்புறம்தான் காதில் விழும். அது ஜெட் விமானத்தின் கிழிக்கிற சத்தம் இல்லை. அடிவயிற்றிலிருந்து எழும் ஒரு முழக்கம். ஓட்டு வீடுகளின் மேல் அப்படியே கிடந்து, மெல்ல நகர்ந்து, கிழக்கே போய்த் தேயும்.

அரக்கோணத்தில் அதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘நேவி பிளேன்’. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று ஊருக்கு வெளியே கிடந்தது. அதைச் சீரமைத்து நீட்டி, 1992 மார்ச்சில் ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படை விமானத் தளமாகத் திறந்தார்கள். திறந்து வைத்தவர் அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன். நாலு கிலோமீட்டருக்கும் நீளமான ஓடுதளம். ராஜாளி என்று நம் ஊர்ப் பறவையின் பெயரையே வைத்திருக்கிறார்களே என்று எங்கள் தமிழ் டீச்சர் வகுப்பில் பூரித்துச் சொன்னது நினைவிருக்கிறது. அந்தப் பறவைக்காகக் கோவாவிலிருந்து வந்து சேர்ந்தவைதான் டுபலேவ் 142 ரக விமானங்கள். சோவியத் நாட்டிலிருந்து 1988இல் வாங்கியவை. மொத்தம் எட்டு. கடலுக்கடியில் திரியும் நீர்மூழ்கிகளைத் தேடுவதே அவற்றின் வேலை.

இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. எங்களுக்கு அது ஒரு சத்தம் மட்டும்தான். அப்பாவுக்கு எலக்ட்ரிக் லோகோ ஷெட்டில் ஃபிட்டர் வேலை. இரும்புச் சத்தத்திலேயே நாளெல்லாம் இருந்துவிட்டு வருகிறவர் ஆனதால் அதைப் பொருட்படுத்த மாட்டார். அம்மா அப்படி இல்லை. இரவு எட்டு, எட்டரைக்கு அது கிளம்பிப் போனால் அவளுக்குத் தூக்கம் வராது. பாயில் புரண்டுகொண்டே இருப்பாள். விடியக்காலையில் டம்ளர்கள் மறுபடி கிணுகிணுத்ததும், “வந்துட்டாங்க” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பிப் படுப்பாள். யார் வந்தார்கள், எங்கே போய் வந்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. யாரோ பெத்த பிள்ளைகள் ராத்திரியில் கடலுக்குமேல் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

அம்மா 2014இல் போய்விட்டாள். அந்த விமானங்கள் 2017 மார்ச் 29 அன்று ஓய்வு பெற்றன.

அதற்கு அடுத்த மாதமே அவற்றில் ஒன்று கடைசியாகப் பறந்து விசாகப்பட்டினத்தில் இறங்கியது. அதைப் பிரித்து, சாலை வழியாகக் கடற்கரைக்குக் கொண்டுபோய்த் திரும்பப் பூட்டி அருங்காட்சியகமாக்கினார்கள். அந்த டிசம்பரில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் திறந்து வைத்தார். செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு அப்பா எனக்கு போன் செய்தார். “பாப்பா, நம்ம பிளேனை வைசாக்ல நிறுத்திட்டாங்களாம். ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடலாம்.”

அவர் குரலில் இருந்த அவசரம் எனக்குப் புரிந்தது. பல வருடங்களாக அவருக்கு மும்பையில் ஐ.என்.எஸ். விக்ராந்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. நம் நாட்டின் முதல் விமானந்தாங்கிக் கப்பல் அது. 1961இல் கடற்படையில் சேர்ந்து, 1971 போரில் வங்கக் கடலில் நின்று, 1997இல் ஓய்வு பெற்றது. அப்புறம் சில வருடங்கள் மிதக்கும் அருங்காட்சியகமாக இருந்தது. ஒவ்வொரு வருடமும் ரயில்வே பாஸ் எழுதும்போது ‘இந்தத் தடவை பம்பாய்’ என்பார். கடைசியில் அந்த பாஸ் யாராவது சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விடும். 2012இல் கப்பல் உறுதியாக இல்லை என்று பார்வையாளர்களை நிறுத்தினார்கள். 2014இல் உடைப்பதற்கு விற்றார்கள். அதன் இரும்பை உருக்கி மோட்டார் சைக்கிள் செய்து விற்பனைக்கு வந்தபோது, அப்பா ஒரு ஷோரூம் வாசலில் நின்று அந்த வண்டியின் டேங்க்கைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

அதனால் 2019 பொங்கல் விடுமுறையில் கிளம்பிவிட்டோம். அப்பா, நான், என் கணவர், ஒன்பது வயது மகன். சென்ட்ரலில் ஹவுரா மெயில். அப்பாவுக்கு ஓய்வு பெற்றோர் பாஸ், எங்களுக்கு டிக்கெட். வைசாக்கில் மூன்று நாள் இருந்தோம். அரக்கு மலை ரயில், போரா குகை எல்லாம் போனோம். குகைகளை என் கணவர் எடுத்த நானூறு போட்டோவில் பார்த்துக்கொள்ளலாம்; எனக்கு எழுத இருப்பது ராமகிருஷ்ணா கடற்கரையில் கழிந்த அந்த ஒரு பகல்தான்.

அங்கே கடற்கரைச் சாலைக்கு ஒரு பக்கம் மணலில் ஐ.என்.எஸ். குர்சுரா என்ற நீர்மூழ்கி நிற்கிறது. சாலைக்கு மறுபக்கம் டுபலேவ் நிற்கிறது. தேடியதும் தேடப்படுவதும் ஒரு தார்ச்சாலையைத் தாண்டி எதிரெதிரே. நடுவில் ஆட்டோக்கள் போகின்றன, ஒருவர் முரி மிக்ஸ்சர் கிளறுகிறார், பிள்ளைகள் காற்றாடி விடுகிறார்கள்.

முதலில் நீர்மூழ்கிக்குப் போனோம். சோவியத் நாட்டில் கட்டி, 1969 டிசம்பர் 18 அன்று ரீகா துறைமுகத்தில் நம் கடற்படையில் சேர்ந்தது குர்சுரா. மேற்கில் ஃபாக்ஸ்டிராட் என்று அழைக்கும் ரகம். நீளம் 91 மீட்டர். 31 ஆண்டு உழைத்துவிட்டு 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. கடலிலிருந்து கரைக்கு இழுத்து மேடையில் உட்காரவைத்து அருங்காட்சியகமாக்க ஒன்றரை வருடம் ஆனது, சுமார் ஐந்தரைக் கோடி ரூபாய் செலவு. 2002 ஆகஸ்டிலிருந்து மக்கள் உள்ளே போய் வருகிறார்கள்.

மூக்குப் பக்கத்தில் படியேறி உள்ளே நுழைந்ததும் டார்பிடோ அறை. எதிரே ஆறு வட்ட மூடிகள், மேலும் கீழுமாக இரண்டு வரிசை. அவற்றின் வழியாகத்தான் டார்பிடோவைத் தண்ணீருக்குள் விடுவார்கள். வால் பக்கத்தில் இன்னும் நான்கு. டார்பிடோக்களுக்குப் பக்கத்திலேயே மாலுமிகள் படுக்கும் பலகைகள். பலகை என்று சொன்னது சரியான சொல். ஸ்லீப்பர் கோச்சின் சைடு அப்பர் பெர்த்தில் ராத்திரி முழுக்கக் காலை மடக்கி வந்த என் கணவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார்.

ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே வட்ட வாசல். முதலில் ஒரு காலை விட்டு, தலையைக் குனிந்து, இடுப்பைத் திருப்பி, பின்னாலேயே மற்றக் காலை இழுக்க வேண்டும். ஒரு அறையில் தண்ணீர் புகுந்தால் அந்த வாசலைச் சாத்திவிட்டு மற்ற அறைகளைக் காப்பாற்றலாம். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருந்தால்? என் மகன் அதைத்தான் கேட்டான். எங்களைக் கூட்டிப்போனவர் கடற்படையில் நீர்மூழ்கியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெலுங்கும் இந்தியும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டு வந்தவர், பையனின் தோளில் கைவைத்து, தெரிந்த தமிழில் சொன்னார்: “சாத்தணும் தம்பி. உள்ள இருக்கிறவனும் அதைத்தான் சொல்வான்.”

இரண்டு பக்கமும் குழாய்கள், வால்வுகள், அளவுமானிகள், கைச்சக்கரங்கள். உடம்பைக் கீறிக் குடலைத் திறந்து காட்டியதுபோல. அப்பா மெதுவாக நடந்தார். எழுபத்தொரு வயது, முழங்கால் வலி. ஆனால் என்ஜின் அறைக்கு வந்ததும் அந்த வலி எங்கோ போய்விட்டது. மூன்று டீசல் என்ஜின்கள். கடல்மட்டத்துக்கு வந்து காற்றை இழுக்கும்போது டீசல் ஓடும், பாட்டரி சார்ஜ் ஆகும். மூழ்கிவிட்டால் டீசலுக்குக் காற்று கிடையாது, மூன்று மின் மோட்டார்கள்தான் மூன்று சுழலிகளையும் சுற்ற வேண்டும். அந்த மோட்டார்களைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“இது நம்ம எலக்ட்ரிக் லோகோதான்டா,” என்றார் பேரனிடம். “நமக்குத் தலைக்கு மேல கம்பி போகுது, அதுலருந்து கரன்ட் எடுத்துக்கறோம். கடலுக்கடியில கம்பிக்கு எங்க போறது? அதான் பாட்டரியை வயித்துல சுமந்துகிட்டுப் போவுது.”

இதைவிட எளிதாக யாராலும் ஒரு டீசல் மின் நீர்மூழ்கியை விளக்க முடியாது என்று இன்றும் நினைக்கிறேன்.

அங்கேதான் அந்த ஓய்வு பெற்ற மாலுமி குர்சுராவின் வரலாற்றில் ஒரு பகுதியைச் சொன்னார். 1975 வாக்கில் இந்தக் கப்பலைச் சும்மா நிறுத்தி, இதிலிருந்து உதிரிப் பாகங்களைக் கழற்றி மற்ற நீர்மூழ்கிகளுக்குப் பூட்டினார்கள். பல வருடம் அப்படியே கிடந்தது. 1980இலிருந்து இரண்டு வருடம் பழுதுபார்த்து, 1985இல் மறுபடி பணிக்கு எடுத்தார்கள். அதற்கப்புறம் பதினைந்து வருடத்துக்கு மேல் கடலில் ஓடியது.

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஷெட்டில் இது அன்றாட வேலை. ஒரு லோகோவுக்கு ஸ்பேர் வரவில்லையென்றால் பிட்டில் நிற்கிற இன்னொன்றிலிருந்து கழற்றிப் பூட்டுவார்கள். இன்றைக்கு ஒரு ரிலே, நாளைக்கு ஒரு மோட்டார் என்று போய், அந்த நிற்கிற லோகோ நாளடைவில் வெறும் கூடாகிவிடும். அதைத் திரும்ப ஓடவைப்பது புது என்ஜின் செய்வதைவிடக் கஷ்டம் என்பார் அப்பா. எது எங்கே போனது என்று எவர் தலையிலும் முழுதாக இருக்காது. “கூடா நின்னதைத் திரும்ப ஓட்டியிருக்காங்க பாப்பா,” என்று வெளியே வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். டார்பிடோவைவிட, பெரிஸ்கோப்பைவிட அவருக்கு அதுதான் பெரிது. எனக்கும் அப்படித்தான் பட்டது. போரில் வென்ற கதையை எல்லாரும் எழுதுகிறார்கள். கழற்றிய பாகங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்துத் திரும்பப் பூட்டியவர்கள் யாரென்று எந்தப் பலகையிலும் இல்லை.

வால் பக்கம் இறங்கி வெளியே வந்தால் முகத்தில் கடல்காற்று. அந்தக் காற்றை அப்படி வாயைத் திறந்து குடித்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. உள்ளே நாங்கள் இருந்தது அரைமணி நேரம். எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் வாரக்கணக்கில் அதற்குள் இருந்திருக்கிறார்கள். குளியல் இல்லை, வெயில் இல்லை, டீசல் வாடையும் ஒருவர் மூச்சும் இன்னொருவர் மூச்சும்.

கரையில் உட்கார்ந்து பையனுக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன். எதிரே தெரிந்த கடலில்தான், துறைமுக வாயிலுக்கு அப்பால், பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி கிடக்கிறது. அமெரிக்கா இரண்டாம் உலகப் போரின் முடிவில் கட்டி, அறுபதுகளில் பாகிஸ்தானுக்குக் குத்தகைக்குக் கொடுத்த கப்பல். 1971இல் விக்ராந்தைத் தேடிக் கராச்சியிலிருந்து இலங்கையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தது. கிழக்குப் பிராந்தியக் கடற்படைத் தலைவர் வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன், விக்ராந்த் விசாகப்பட்டினத்தருகே இருப்பதுபோலப் பொய்த் தகவல்களை வானலையில் பரப்பினார். விக்ராந்த் அந்தமான் பக்கம் பத்திரமாக இருந்தது. டிசம்பர் 3 நள்ளிரவு தாண்டியதும் கடலில் ஒரு வெடிப்பு. காஸி மூழ்கியது. ஐ.என்.எஸ். ராஜ்புத் போட்ட ஆழ்கடல் குண்டுகளால் என்கிறது நம் தரப்பு. உள்ளுக்குள் நேர்ந்த வெடிப்பு அல்லது அதுவே விதைத்த கண்ணிவெடி என்கிறது அவர்கள் தரப்பு. தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை.

இந்தக் கரையில் அந்த வெற்றிக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. அதன் முன்னால் நின்று நாங்களும் படம் எடுத்துக்கொண்டோம். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அரைமணி நேரத்துக்கு முன்னால் அந்த வட்ட வாசல் வழியாக ஒரு காலை விட்டு நுழைந்து வந்தவளுக்கு, அந்தத் தொண்ணூறு பேரை வெறும் எதிரி என்று நினைத்துவிட்டு நகர முடியவில்லை. அவர்களுக்கும் கராச்சியிலோ சிட்டகாங்கிலோ தூங்காமல் புரண்டு படுத்த அம்மாக்கள் இருந்திருப்பார்கள். அங்கே டம்ளர்கள் திரும்பக் கிணுகிணுக்கவில்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டு சாலையைத் தாண்டினோம். முதல் பார்வையில் எனக்கு அது பழக்கமில்லாத பொருளாக இருந்தது. இருபத்தைந்து வருடம் தலைக்கு மேல் கேட்ட சத்தத்துக்கு இப்படி ஒரு உடம்பு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. 53 மீட்டர் நீளம். ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனிக்கு 50 மீட்டர். வெள்ளி நிறம். நீண்ட மூக்கு. இறக்கையில் நான்கு என்ஜின்கள், ஒவ்வொன்றிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சுழலிகள். முன்னது ஒரு திசையில், பின்னது எதிர்த் திசையில் சுற்றும். அந்த இரண்டும் எதிரெதிராகக் காற்றை வெட்டுவதில் பிறந்ததுதான் எங்கள் வீட்டுத் தட்டுகளை ஆட்டிய முழக்கம். உலகத்தில் மிக அதிகச் சத்தம் போடும் விமானங்களில் இந்தக் குடும்பமும் ஒன்று என்று பிறகு படித்தேன். படிக்காமலேயே எங்கள் தெருவுக்கே தெரிந்த விஷயம்.

காட்சிக் கூடத்தில் ஒரு என்ஜினையும் சுழலியையும் தனியாக வைத்திருக்கிறார்கள். சுமார் 15,000 குதிரைத்திறன் என்று கேட்டதும் அப்பா விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். அவர் ஷெட்டில் அதிகம் வேலை பார்த்த டபிள்யூ.ஏ.எம். 4 லோகோவுக்கு 3,640 குதிரைத்திறன். “நாலு லோகோ சேர்ந்தா இந்த ஒரு என்ஜின். அப்போ பதினாறு லோகோ நம்ம வீட்டு மேல பறந்து போயிருக்குது.” அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. ஒரே ஒரு லோகோவை ஒழுங்காக ஓடவைக்க எத்தனை கை வேண்டும் என்று தெரிந்த மனிதர் அவர்.

சோனோபாய் என்ற மிதவைகளையும் அங்கே பார்த்தோம். குழாய் போல இருக்கிறது. விமானம் இதைக் கடலில் வரிசையாகப் போட்டுக்கொண்டே போகும். தண்ணீரைத் தொட்டதும் இதிலிருந்து ஒரு ஒலிவாங்கி ஆழத்துக்கு இறங்கும். நீர்மூழ்கியின் சுழலிச் சத்தத்தைக் கேட்டு, மேலே மிதக்கும் பகுதி ரேடியோவில் விமானத்துக்குச் சொல்லும். கடலுக்கடியில் இருப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, காதால்தான் பிடிக்க வேண்டும். அத்தனை இரைச்சலோடு பறந்த விமானத்துக்குள் உட்கார்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கடலின் அடியில் ஒரு மெல்லிய சத்தத்தைத் தேடியிருக்கிறார்கள்.

விமானத்துக்குள் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி நின்றபோது, அங்கே பணியிலிருந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர் எங்கள் தமிழைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். “எந்த ஊர்?” என்று தமிழிலேயே கேட்டார். அரக்கோணம் என்றதும் அவர் முகமே மாறிவிட்டது. சொந்த ஊர் ஸ்ரீகாகுளம். கடற்படையில் இருந்தபோது ராஜாளியில் இந்த விமானங்களின் பராமரிப்புப் பிரிவில் பல வருடம் இருந்தாராம். சில சமயம் கூடவே பறந்தும் போயிருக்கிறார். ஸ்டேஷன் பக்கத்து டீக்கடை, சோளிங்கர் போகும் பஸ், ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக் கூட்டம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். 29 வருடம், 30,000 மணி நேரம், ஒரு விபத்துகூட இல்லாமல் பறந்த அணி என்றார். அதைச் சொல்லும்போது நிமிர்ந்து நின்றார்.

அப்பா கேட்டார், “செக்கிங் எப்படி? ஒவ்வொரு தடவை இறங்கினப்புறமும் பாப்பீங்களா?”

“இறங்கினதும் பாப்போம் சார். ஏறறதுக்கு முன்னாடியும் பாப்போம். ராத்திரி முழுக்கப் பாத்த நாளும் உண்டு.”

இரண்டு பேரும் இருபது நிமிடம் போல்ட், ஆயில் சீல், ராத்திரி ஷிஃப்ட் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் மகன் அவர்கள் நடுவில் நின்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். நாங்கள் கிளம்பும்போதுதான் அப்பா சொன்னார். எனக்குத் தெரிந்து அம்மா போனபிறகு வெளியாள் ஒருவரிடம் அவளைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் முறை.

“எங்க வீட்டம்மா, நீங்க போனா தூங்க மாட்டா. நீங்க திரும்பி வந்து இறங்கற சத்தம் கேட்டப்புறம்தான் கண்ணை மூடுவா.”

அவர் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, “அம்மா வந்திருக்காங்களா?” என்று கேட்டார். நான் இல்லையென்று தலையசைத்தேன்.

“எத்தனை மணிக்குக் கேக்கும் சார், அந்தச் சத்தம்?”

“மூணரை, நாலு இருக்கும்.”

“ஆமா சார்,” என்றார். “அந்த நேரம்தான் இறங்குவோம்.”